நிக்கலின் விளிம்பு

கணபதியில் ஒரு முலாம் பட்டறை.
ஸ்கூட்டர் கம்பி, குழாய்த் திருகு, கிரைண்டர் வளையம்
பச்சைத் தொட்டிக்குள் மங்கலாக இறங்கி
முகம் பார்க்கிற மினுக்கத்தோடு மேலே வரும்.
இறக்கி ஏற்றுகிறவர் வெள்ளிங்கிரி.
அவர் கை மட்டும் மினுங்காது.
விரலிடுக்கில் வெடிப்பு, மணிக்கட்டில் தடிப்பு,
பெல்ட் பக்கிள் உரசும் இடத்தில்
ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண்.

"ஏனுங், ரத்தம் குடுத்தாச் செரியாப் போயிருமுங்களா?"
இல்லை என்றேன்.
"அப்பறம் எதுக்குங்?" என்று கேட்டபடியே
சட்டைக் கையைச் சுருட்டினார்.

இருபது மில்லி.
அதில் நிக்கலைக் கண்டதும் கொதித்தெழும் டி செல்லைப் பிரித்து,
அதன் ஏற்பியை,
செல்லின் தோளிலிருந்து நீண்டிருக்கும் அந்த இரட்டைக் கையை
பாக்டீரியாவுக்குள் செய்யவைத்து, மடித்து, கழுவி,
காளப்பட்டி ஆய்வகத்தின் பதினெட்டு டிகிரி அறையில்
கண்ணாடிச் சில்லின் அடியில் துளித்துளியாகத் தொங்கவிட்டோம்.

பல துளிகள் தயிராய்த் திரிந்தன.
சிலதில் ஊசி. சிலதில் வெறும் ஆடை.
ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாயில் கிளம்பி
மின்கம்பியை அறுத்த ராத்திரி
ஜெனரேட்டர் பிடிக்க நாற்பது நிமிஷம்.
அறை சூடேறி, மெல்ல, மிக மெல்லத் தணிந்திருக்கிறது.
மூன்றாம் நாள் ஒரு குழியில்
கல்கண்டை நூறாக உடைத்ததில் ஒரு துணுக்கு போல.
ரமீஜா நுண்ணோக்கியிலிருந்து கண்ணெடுக்காமல்
என் முழங்கையைத் தேடிப் பிடித்துக் கிள்ளினாள்.

அந்தப் படிகத்தில் நிக்கல் இல்லை.
பழக்கதோஷம்: கரைசலில் கொஞ்சம் இ.டி.டி.ஏ.,
உலோகத்தை நண்டுப்பிடியாய்ப் பிடித்துக்கொண்டு போகிற சரக்கு.
நான்தான் ஊற்றினேன்.
எதைத் தேடினேனோ அதை என் கையாலேயே கழுவிவிட்டு
மிச்சத்துக்கு ஒரு வருஷம் படம் பிடித்திருக்கிறேன்.
குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

மறுபடி துளி. மறுபடி படிகம்.
எக்ஸ் கதிர் உள்ளே போய்ச் சிதறி
புள்ளி புள்ளியாய் விழுந்தது.
புள்ளியின் கருமை தெரியும்.
அலை எங்கே எழுந்து எங்கே விழுந்தது என்பது
வழியிலேயே தொலைந்துவிடும்.
அதற்குக் கட்டம் என்று பெயர்.
ஜாதகக் கட்டமில்லை;
ஆனாலும் அது தெரியாமல் காரியம் நடக்காது.

வேறு யாரோ தீர்த்த ஏற்பியிடம் கடன் வாங்கினோம்.
கடன் கட்டத்தில் ஒரு கெடுதி,
கொடுத்தவர் முகத்தையே காட்டும்.
வரைபடத்தில் சின்னதாய் ஒரு மேடு.
நிக்கல் என்றாள் ரமீஜா.
தண்ணீர் என்றேன் நான்.
உங்கள் ஆசை என்றது கடன்.

அதனால் இந்தூர்.
நைட்ரஜன் குடுவை லாரியில், நாங்கள் ரயிலில்.
எட்டாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று எலெக்ட்ரான் வோல்ட்:
அதற்குக் கீழே நிக்கல் சும்மா கிடக்கும்.
விளிம்பைத் தாண்டினால்
மற்ற அணுக்கள் போன வாக்கில் போக
அது மட்டும் திடுக்கிட்டு ஒரு கோணல் காட்டும்.
கீழே ஒருமுறை சுட்டோம், மேலே ஒருமுறை.
விடியக்காலம் நாலு மணிக்குக்
கறுப்புத் திரையில் ஒரே ஒரு மேடு.
எந்த மாதிரியும் சொல்லிக்கொடுக்காத மேடு.
ஏற்பியின் விரல்மடிப்புக்கும்
எதிர்ச்செல் ஏந்திக் காட்டிய புரதத் துண்டுக்கும் நடுவே
மடைக்கதவில் சிக்கிய கூழாங்கல்.
நாங்கள் கத்தவில்லை. டீ குடித்தோம்.

பொழுது சாயப் பட்டறை வாசலில் படத்தைக் காட்டினேன்.
மென்பொருள் தானாகவே நிக்கலுக்குப் பச்சை தீட்டியிருந்தது.
"தொட்டிப் பச்சைங்" என்றார் வெள்ளிங்கிரி உடனே.
"இதுல எத்தன நிக்கலுங்?"
"ஒண்ணு."
"ஒண்ணேதானுங்களா?"
திரும்பித் தொட்டியைப் பார்த்தார்.
எழுநூறு லிட்டர், ஆவி பறந்துகொண்டிருந்தது.

மருந்து உண்டா என்று அவர் கேட்கவில்லை.
கேட்காததற்கும் என்னிடம் பதில் இல்லை.
கையுறையின் கட்டைவிரல் ஓரம் கிழிந்திருந்தது;
டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி
பல்லால் கடித்து அறுத்தார்.